வளைத்த கைகளுக்குள்

அன்புள்ள ஸ்மைலின்,

ஆண்டவர் கிருபையால் இங்கே சுகம். உன் இடுப்புவலி குறைந்ததா? அம்மா மருந்து சாப்பிடுகிறார்களா? வீடியோ போனில் சொன்னால் என் முகத்தைப் பார்த்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

கப்பல் பட்டறையில் என்னோடு வெல்டிங் செய்யும் லிம் ஒரு சீனன், தாவோ மத வழியில் நடப்பவன். எனக்குத் தூக்கம் வருவதில்லை என்றதும் ஒரு பயிற்சி சொன்னான். மரம்போல அசையாமல் நிற்க வேண்டும். கைகளை நெஞ்சுக்கு முன்னால் வளைத்து, உள்ளே வெறும் காற்றை மட்டும் வைத்திருக்க வேண்டும். எதையும் பிடிக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது.

போன வாரம் அப்படி நின்றபோது லேசாகத் தலைசுற்றி விழுந்துவிட்டேன். நெற்றியில் சின்னத் தையல்தான், பயப்படாதே. தூக்கிவிட்ட மார்த்தாண்டத்துக்காரன் ஜான்ரோஸ், "ஏலே மக்கா, ஆரைலே கெட்டிப்பிடிச்சிட்டு நின்ன?" என்று சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

என் கைக்குள் காற்று நிற்பதில்லை, ஸ்மைலின். நான் புறப்பட்ட அன்றிருந்த அதே அளவில் நம் மகள் ஜெனிஷா வந்து நிற்கிறாள்.

ஊரிலிருந்து வருபவர் யாரிடமாவது தேங்காய் எண்ணெயும் நல்லமிளகும் கொடுத்துவிடு. கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. இன்னொன்று, ஜெனிஷாவைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து, அந்த அளவுக்கு வெட்டி அனுப்பு. இப்போது கையை எவ்வளவு விரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

உன்
எபிசன்