இரண்டாம் கியர்

டிக்கிக்குள் உங்கள் பழைய பெனியன் துண்டு இன்னும் கிடக்கிறது. இன்று காலை கார் பார்க்க வீட்டுக்கு வந்த மெக்கானிக் கை துடைக்க ஏதாவது கேட்டார். அதை எடுத்ததும் டீசல் வாசனை குப்பென்று வந்தது. கொடுக்க மனம் வரவில்லை. என்னுடைய நல்ல துவாயைக் கொடுத்துவிட்டேன். பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

கார் மறுபடியும் அளவுக்கு மிஞ்சி டீசல் குடிக்கிறது. முன்பு குடித்தபோது எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குத் தாரைவார்த்தீர்கள்! ஏயார் ஃபில்டரை மாற்றினீர்கள். டர்போவிலிருந்து போகிற ரப்பர் குழாயில் காற்றுக் கசிகிறதா என்று சவர்க்கார நுரை தடவிப் பார்த்தீர்கள். பிரேக் இறுகிக்கொண்டு நிற்கிறதா என்று ஒவ்வொரு சில்லாகத் தொட்டுச் சூடு பார்த்தீர்கள், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல. ஒன்றும் அகப்படவில்லை. "டர்போ கிழடாப் போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். பாவம் டர்போ.

பிறகு உங்களுக்கே காய்ச்சல் வந்தது. வெள்ளவத்தையிலிருந்து நான் படிப்பிக்கிற கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்துக்கு நானே ஓட்டிப்போன நாட்களில் டீசல் முள் இறங்க மறுத்தது. அதே கார், கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகிற அதே காலி வீதி. விடுவேனா?

"உங்களுக்கு மட்டும்தான் அது டீசல் குடிக்குது. என்ன செய்யிறனீங்கள்?"

நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னீர்கள்: "பம்பலப்பிட்டி வந்தாலே கால் தன்பாட்டில எழும்புது. வேகமா வந்தா ஆமிக்காரன் பயந்து சுட்டுப்போடுவான் எண்டு... கொள்ளுப்பிட்டி செக்பொயின்ட் வரைக்கும் ரெண்டாம் கியர்தான்."

அவ்வளவு காலமும் காரில் பக்கத்தில் இருந்த பெண்சாதி நான். செக்பொயின்டில் எஞ்சினை நிறுத்தச் சொல்வார்கள், அதற்குள் டர்போ ஆற வேண்டும், அதுதான் மெதுவாகப் போகிறேன் என்று நீங்கள் சொன்ன சாக்கை அப்படியே நம்பியிருந்தேன்.

அதன் பிறகு நான்தான் ஓட்டினேன். நீங்கள் இடப்பக்கம் இருந்து நம் இரண்டு பேரின் அடையாள அட்டைகளையும் பிடித்துக்கொண்டு வருவீர்கள். செக்பொயின்டில் "ஒப் கரண்ட!" என்று ஆமிக்காரன் சிங்களத்தில் போடும் சத்தம் வரும். எஞ்சினை நிறுத்திவிட்டு இடக்கையை நீட்டுவேன். அட்டைகளை உள்ளங்கையில் வைப்பீர்கள். உங்கள் விரல்கள் சில்லென்றிருக்கும். எனக்குப் பயமில்லை என்று நினைத்தீர்கள். இருந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்ததால் சமாளித்தேன்.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், திரும்பி வரவில்லை. யுத்தம் ஓய்ந்து, பேச்சுவார்த்தை தொடங்கி வீதித் தடைகளை எடுத்தது அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான். கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? எனக்கு உங்கள் மேல் இன்னும் கோபம்தான்.

இன்று மெக்கானிக்கும் நீங்கள் பார்த்த எல்லாவற்றையும் பார்த்தார். குழாய் சரி, பிரேக் சரி. "ஓட்டிக் காட்டுங்க டீச்சர்" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார். வெள்ளவத்தை கடந்தது. பம்பலப்பிட்டியும் கடந்தது.

"ஏன் டீச்சர் ரெண்டாம் கியருக்கு வந்துட்டீங்க? முன்னால யாரும் இல்லீங்களே."

பார்த்தேன். கொள்ளுப்பிட்டி வரை வெறும் வீதி. மணல் மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் ஒருவர் இளநீர் விற்றுக்கொண்டிருந்தார். நீங்கள் போனபின் கைப்பையைத் துழாவி அட்டையை எடுக்க நேரம் வேண்டுமென்று ஊரத் தொடங்கியவள், இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறேன். டர்போவில் ஒரு குறையும் இல்லை.

"டீச்சர், என்னங்க வேணும்?" என்றார் மெக்கானிக், சங்கடத்தோடு.

அப்போதுதான் கவனித்தேன். என் இடக்கை அவர் பக்கம் நீண்டு, உள்ளங்கை விரிந்தபடி இருந்தது.

ஒன்றுமில்லை என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டேன். இறந்தவரின் அடையாள அட்டையை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். நான் கொடுக்கவில்லை. என் அட்டையோடு சேர்த்துக் கைப்பையில்தான் வைத்திருக்கிறேன்.