தட்டில் உன் பெயர் வேண்டாம்

என் அன்பு ரெபேக்கா அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் கமிட்டி கிடையாது என்று நம்புகிறேன். இருந்தால் இந்நேரம் நீ சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்திருப்பாய்.

இங்கே ஒரு செய்தி. நம் மந்தைவெளிக் கோயிலுக்குச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் வந்திருக்கின்றன. இருமல் மருந்து ஊற்றிக் கொடுப்பார்களே, அந்த அளவு. துளை போட்ட தட்டில் வரிசையாக நிற்கின்றன. இனிமேல் திருவிருந்தில் திராட்சரசம் குடிக்க எல்லோரும் ஒரே வெள்ளிப் பாத்திரத்தில் வாய் வைக்க வேண்டாமாம், ஆளுக்கு ஒரு கிண்ணமாம். சுகாதாரமாம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தட்டின் விளிம்பில் உன் பெயரைப் பொறிக்கப் போகிறார்கள், உன் ஞாபகார்த்தமாக. தம்பி என்ற முறையில் நான்தான் அதைக் கொண்டுபோய்ப் பீடத்தில் வைக்க வேண்டும் என்று செக்ரட்டரி வீடு தேடி வந்து சொன்னார். என் முகம் போன போக்கைப் பார்த்துத் துக்கம் என்று நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அதே கைதான் அக்கா. ஒரு வருஷம் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து ஊசி போட்டுக்கொண்டு, டி.பி. குணமாகிவிட்டது, இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் எழுதிய சீட்டை நீ கமிட்டியில் நீட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல அதை விரல் நுனியால் வாங்கின கை. படித்துவிட்டு, இருந்தாலும் சிஸ்டர், எல்லோருக்கும் பிறகு கடைசியில் வந்து பாத்திரம் வாங்கிக்கொண்டால் நல்லது என்றார்.

நீ விட்டாயா? "டாக்டரு எழுதிக் குடுத்துகீறாரு. ஆண்டவரு எனக்குக் கடைசி எடம்னு எங்க எழுதிகீறாருன்னு நீங்க காட்டுங்க" என்றாய். உன்னை உன் வரிசையிலேயே விட்டுவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு வாய்க்குப் பிறகும் போதகர் பாத்திரத்தைத் துடைக்கிறாரே, அந்த வெள்ளைத் துணியைப் பல வருஷமாகத் துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தவள் நீ. அந்த வேலையை மட்டும் சத்தமில்லாமல் வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

இந்தச் சுத்தக்காரர்களை ஆராதனை முடிந்ததும் முக்குக் கடையில் பார்க்க வேண்டும். ஊரே வாய் வைத்த கிளாஸை ஒரு வாளி அழுக்குத் தண்ணீரில் முக்கி எடுத்து டீ ஊற்றுகிறான். ஊதி ஊதிக் குடிக்கிறார்கள். கள்ளுக்கடை மறுபடி திறந்தபோது அங்கே ஒரே மொந்தையை மாற்றி மாற்றிக் குடித்தவர்களும் நம் பெஞ்சில்தான் இருக்கிறார்கள். அங்கெல்லாம் வராத அருவருப்பு இயேசுவின் பாத்திரத்தில் மட்டும் எங்கிருந்து வருகிறது?

ஊரைத் திட்டுவது சுலபம். என் கதைக்கு வருகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. உனக்கு மட்டும் தெரியும்.

கமிட்டியில் நீ ஜெயித்த அடுத்த ஞாயிறு. பீடத்துக் கிராதி முன்னால் முழங்காலில் நீ, உன் பக்கத்தில் நான். நீ குடித்தாய். போதகர் துடைத்து, பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பி என்னிடம் நீட்டினார். இரண்டு கையாலும் பிடித்தேன், தலையைச் சாய்த்தேன், உதட்டை இறுக மூடிக்கொண்டேன். விழுங்குவதுபோலத் தொண்டையைக்கூட அசைத்துக் காட்டினேன். சின்ன வயதில் நீ கடித்துக் கொடுத்த கொய்யாவைத் தின்று வளர்ந்தவன் நான். யாரை ஏமாற்ற அந்த நடிப்பு? உன்னையா, போதகரையா, மேலே இருப்பவரையா?

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் நீ நின்று, கட்டைவிரலால் என் கீழுதட்டைத் தடவிப் பார்த்தாய். "காஞ்சி கீதுடா" என்றாய். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

அடுத்த மாதம் நீயாகவே கடைசியில் போனாய். தாங்கள் ஜெயித்துவிட்டதாகக் கமிட்டி நினைத்தது. உன்னைக் கடைசிக்குத் தள்ளியது அவர்கள் இல்லை, நான். அதிலிருந்து எனக்கு என் மேலேயே அருவருப்பு. தகுதியில்லாதவன் பாத்திரத்துக்குக் கை நீட்டக் கூடாது என்று போதகர் எச்சரிக்கும்போதெல்லாம் என்னைத்தான் சொல்வதாகத் தோன்றும். பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவேன்.

நீதான் கேலி செய்தாய். "யூதாசு கையும் அந்த மேசை மேலதாண்டா இருந்துச்சு. அவனுக்கும் குடுத்துட்டுத்தான் அவரு எழுந்தாரு. நீ இன்னா அவனவிடப் பெரிய ஆளா?" நான் எழுந்து வரவில்லை. நீ காமாலையில் போய்ச் சேர்ந்தாய். ஊர் அதையும் டி.பி. என்றே சொல்லிக்கொண்டது.

உன்னைப் புதைத்துவிட்டு வந்த அன்று, கோயில் பெருக்கும் எஸ்தர் என்னிடம் வந்தாள். அவளைக் கடைசியில் வரச் சொல்லி எந்தக் கமிட்டியும் தீர்மானம் போட்டதில்லை. சொல்லாமலே அவள் அங்கேதான் நின்றாள். "அக்கா எப்பவும் என்னத்தான் முதல்ல குடிக்கச் சொல்லும். ஒனக்கு பயம் வரக் கூடாதுன்னும். என் எச்சிப் பாத்திரத்துல அது குடிக்கும்" என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

நேற்றுச் சாயங்காலம் கமிட்டியில் எழுந்து நின்றேன். "பேர் போடறதுன்னா அந்தத் தட்டுல என் பேரைப் போடுங்க. எங்கக்கா எல்லாரோடயும் ஒரே பாத்திரத்துல குடிச்சவ. வாயை மூடிக்கினு நடிச்சவன் நான்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். செக்ரட்டரி தரையைப் பார்த்தார். பொருளாளர், தம்பிக்கு மனசு சரியில்லை, கொஞ்ச நாள் ஓய்வு எடுக்கட்டும் என்றார். உன் பெயரை எடுத்துவிட்டார்கள். கிண்ணங்கள் பீடத்துக்கு வரத்தான் போகின்றன.

ஆனால் போதகர் என்னைத் தனியே கூப்பிட்டு, வேண்டியவர்களுக்குப் பழைய பாத்திரமும் இருக்கும் என்றார். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். இரண்டு பேர் என்றேன். துணியையும் கேட்டு வாங்கி வந்தேன். காலையில் துவைத்தேன், கஞ்சி கொஞ்சம் அதிகமாகி அப்பளம் மாதிரி நிற்கிறது. நீ பார்த்தால் சிரிப்பாய்.

இது என் வாக்கு, அக்கா. வரும் ஞாயிறு எல்லோரும் தங்கள் கிண்ணத்தைக் குடித்து முடித்த பிறகு, எஸ்தர் குடிப்பாள். அவளுக்கு அடுத்து நான். நான் இன்னும் தகுதியானவனாகிவிடவில்லை, ஆனாலும் வருவேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில், நீ நின்ற அந்த இடத்தில் நானும் நிற்பேன். வந்து என் உதட்டைத் தொட்டுப் பார்.

நீ கடித்த கொய்யாவைத் தின்று வளர்ந்த உன் தம்பி,
ஜெபராஜ்