மாமாவின் ஸ்கோப் உனக்கு வேண்டாம்

குஹ்மோ, பின்லாந்து
அக்டோபர் கடைசி வாரம்

அன்பு மகள் பின்யாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நம் நாய் துயிஸ்குவும் நலம்தான், உறைந்த புல் கிழித்த அதன் பாதம் எப்போதோ ஆறிவிட்டது, ஆனாலும் அப்பா சமையலறைக்குள் வரும்போது மட்டும் நொண்டுகிறது, அவரும் தெரிந்தே ஏமாந்து ஒரு துண்டு இறைச்சியைப் போடுகிறார். உன் கைத் தீப்புண் எப்படி இருக்கிறது? கப்பல் தளத்தில் வெல்டிங் கையுறை கிழிந்தால் அன்றைக்கே புதிது கேட்டு வாங்கு. கேட்பதற்குக் கூச்சப்படுவது என்னிடமிருந்து உனக்கு வந்த குணம், அதை வேறு எதிலாவது வைத்துக்கொள், நெருப்பு வேலையில் வேண்டாம். இங்கே பனி இரண்டு முறை விழுந்து இரண்டு முறையும் கரைந்துவிட்டது. நான் ஓட்டும் நூலக பஸ்ஸின் ஹீட்டரை ஒருவழியாகச் சரிசெய்து கொடுத்தார்கள். ஏறுகிறவர்களில் பாதிப் பேர் புத்தகத்துக்காக ஏறவில்லை, கதகதப்புக்காகத்தான் ஏறுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

உன் கடிதம் கிடைத்தது. ரைபிள் அனுமதி வந்துவிட்டது, துப்பாக்கியையும் வாங்கிவிட்டாய், சுடும் தேர்விலும் தேறிவிட்டாய் என்று படித்ததும் அப்பா சத்தமாக இன்னொரு முறை படிக்கச் சொன்னார். இனி அதன் மேல் பொருத்திக் குறிபார்க்கும் ஸ்கோப் மட்டும்தான் பாக்கி, ரெய்யோ மாமா போனில் கூப்பிட்டுத் தன்னுடைய பெரிய ஸ்கோப்பைச் சும்மாவே தருவதாகச் சொன்னார், பார்சலில் அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் பின்யா. முதலில் பதிலைச் சொல்லிவிட்டேன், காரணத்தை நிதானமாக எழுதுகிறேன். போனில் சொல்லியிருந்தால் நீ நடுவில் புகுந்து மாமாவுக்காகச் சண்டை போட்டிருப்பாய், எனக்கும் பேச்சு தடுமாறியிருக்கும். டிசம்பரில் நீ வந்து முதல் முறையாக எங்கள் வேட்டைக் குழுவோடு பரணில் உட்காரப் போகிறாய். எதன் வழியாகப் பார்க்கப் போகிறாய் என்பது சின்ன விஷயமில்லை.

எந்த ஸ்கோப் வாங்குவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கேட்டுக்கொண்டு கடைக்குள் போகாதே. எவ்வளவு தாழ்வாக இறங்கும் என்று கேள். நம் காட்டில் மூஸ் மான் முப்பது மீட்டரில் மரங்களுக்கு நடுவே நடந்துபோகும், இல்லாவிட்டால் மரம் வெட்டி வெளியாகக் கிடக்கும் வெட்டுக்காட்டின் ஓரத்தில் நூறு மீட்டரில் நிற்கும். ஒன்றரை மடங்கிலிருந்து ஆறு வரை, அல்லது இரண்டிலிருந்து ஏழு வரை போகிற ஒன்று உன் ஆயுசுக்கும் போதும். கண்ணாடியின் தெளிவைக் கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாதே, அங்கே எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான். அந்தி நேரமாகப் பார்த்துப் போ, கடைக்காரரிடம் கேட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, எதிரே இருக்கும் மரங்களின் கீழ் நிழலைப் பார். டிசம்பரில் நமக்குக் கிடைக்கப்போகும் வெளிச்சம் அவ்வளவுதான். ஓரத்தில் தடித்து நடுவில் மெலிந்த எளிய குறுக்குக்கோடு போதும், கணக்குப் புத்தகம் போல் கோடு நிறைந்தது வேண்டாம். துப்பாக்கியைத் தோளில் வைக்கும்போது கண்ணாடிக்கும் உன் புருவத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருக்கவேண்டும், சுட்டதும் அது பின்னால் உதைக்கும், உன் சித்தப்பா நெற்றியில் இருக்கும் பிறைத் தழும்பு சண்டையில் வந்ததில்லை. ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களில் சிக்கனம் பார்க்காதே, திருகுகளைக் கடைக்காரரையே முறுக்கச் சொல், அதன் பிறகு சுடுதளத்துக்குப் போய்க் குறி சரிபார்த்துவிட்டு, துப்பாக்கியை ஒருநாள் காரில் போட்டுக் குலுக்கி எடுத்துப் போய் மறுபடி சுட்டுப் பார். குண்டு அதே இடத்தில் விழுந்தால் அந்த ஸ்கோப்பை நம்பலாம். குளிரிலிருந்து சூடான வேட்டைக் குடிசைக்குள் அதைக் கொண்டுவராதே, கண்ணாடி வியர்த்துவிடும், வெளியிலேயே பையில் கிடக்கட்டும். இதெல்லாம் யாரும் சொல்லக்கூடியதுதான். மாமா போனில் சொல்லாமல் விட்டதை இனிமேல்தான் எழுத வேண்டும்.

அவருடைய ஸ்கோப் போன வசந்தத்தில் வாங்கியது, ஐந்தில் தொடங்கி இருபத்தைந்து மடங்கு வரை போகும். குடிசையில் காபி குடிக்கும்போது அதை வைத்து ஒரே கேலி. ஹன்னு, குழுவின் துணைத் தலைவர்தான், அவருக்கு வாய் சும்மா இருக்காதே, "ரெய்யோ, அதுல பாத்தா எல்லைக்கு அந்தப் பக்கம் ரஷ்யாக்காரன் என்ன சாப்பிடுறான்னு தெரியுமா?" என்று கேட்டால், மாமா முகம் அசையாமல், "தெரியும். முட்டைக்கோஸ் சூப். உப்பு பத்தல" என்பார். என் பழைய நான்கு மடங்கு ஸ்கோப்பையும் விடவில்லை. "மெர்வி, அது ஸ்கோப்பா, அடுப்பு ஊதுற குழலா?" என்று ஹன்னு கேட்க, மாமா, "விடுப்பா, என் தங்கச்சி புத்தகத்துல மூஸைப் பாத்துட்டு வர்றவ, அவளுக்கு அதுவே ஜாஸ்தி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

பருவம் தொடங்கிய இரண்டாவது சனிக்கிழமை. அப்பா துயிஸ்குவோடு சதுப்புக்கு அப்பால் நடந்துகொண்டிருந்தார். வெட்டுக்காட்டின் மேல் ஓரத்துப் பரணில் மாமா, அதற்குக் கீழே ஓடைப் பக்கத்துப் பரணில் நான். துயிஸ்கு குரைக்க ஆரம்பித்தது. அப்பா ரேடியோவில், "நகருது, ரெய்யோ பக்கமாத்தான் வருது, எத்தனைன்னு தெரியல" என்றார். கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு வெடிச் சத்தம். மாமாவின் குரல் வந்தது, "பெண் மூஸ். ஒத்தையா வந்துச்சு. விழுந்துடுச்சு." ஹன்னு, "இருபத்தஞ்சு மடங்கு செத்துப்போச்சா?" என்றார். ரேடியோ முழுக்கச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே, மேலேயிருந்து ஓடைக் கரையோரமாக ஒரு கன்று இறங்கி வந்து நின்றது. திரும்பித் திரும்பி மேட்டையே பார்த்தது. இது என்னவென்று உனக்கு நான் விளக்கத் தேவையில்லை. கன்றோடு வரும் தாயைச் சுடக்கூடாது. பெண் மூஸ் வந்தால் அதன் பின்னால் என்ன வருகிறது என்று பார்த்த பிறகுதான் கை விசைக்குப் போகவேண்டும். முதல்முறை வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுப்பதே வேட்டைத் தலைவரான உன் மாமாதான். கன்றை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் அது ஓடையைத் தாண்டிப் போயிருக்கும், ஜனவரிக்குள் எங்கேயாவது பனியில் விழுந்திருக்கும், விஷயமும் அதோடு முடிந்திருக்கும். கொஞ்ச நேரம் ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது உண்மை. அப்புறம் பொத்தானை அமுக்கி, "என் பரணுக்குக் கீழ ஒரு கன்னு நிக்குது, தனியா" என்றேன். ஹன்னு உடனே, "வேற தாயோடதா இருக்கும், மெர்வி" என்றார், அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். மாமா, "மேல என் பக்கத்துல இருந்து வந்துச்சா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். "உன் குறிக்கு எட்டுதா?" "எட்டுது." "அப்ப சுடு. கன்னுக்கு அனுமதி இருக்கு. அதை அப்படியே விடக்கூடாது" என்றார். சுட்டேன்.

அதன் பிறகு அவர் செய்தது எல்லாமே சரியாகத்தான் செய்தார் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். யாரும் சொல்வதற்கு முன்னால் தானே போலீசுக்குப் போன் செய்தார். தாய் மூஸின் இறைச்சி அரசுக்குப் போய்விட்டது. தலைவர் பொறுப்பை அன்றைக்கே ஹன்னுவிடம் கொடுத்துவிட்டார். தப்பு எப்படி நடந்தது என்பது அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். முந்தின நாள் மாலை சுடுதளத்தில் குறி பார்ப்பதற்காக ஸ்கோப்பில் மடங்கைக் கூட்டும் வளையத்தைக் கடைசி வரை திருப்பியிருக்கிறார், இறக்க மறந்துவிட்டார். அந்த அளவில் நூறு மீட்டரில் ஒரு மூஸ்கூட முழுதாகத் தெரியாது. தோள் மட்டும்தான் தெரிந்திருக்கிறது, மிகத் தெளிவாக, மயிர் மயிராக. பக்கத்திலேயே நின்ற கன்று அந்த வட்டத்துக்குள் வரவே இல்லை. வானியல் பற்றி ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன், தொலைநோக்கி எவ்வளவு தூரம் எட்டுகிறதோ அந்த அளவுக்கு மீதி வானத்தை இழக்கிறது என்று அதில் வருகிறது. படித்தபோது மாமாவைத்தான் நினைத்தேன், ஆனால் அதை அவரிடம் சொல்லும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

அன்று குடிசையில் நெருப்பருகே வந்து அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நேர்ல வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல மெர்வி. அத்தனை பேர் கேக்குற ரேடியோவுலதான் சொல்லணுமா?" நான், "நான் ஏறி வர்றதுக்குள்ள கன்னு போயிருக்கும்" என்றேன். அது சரியான பதில்தான். ஆனாலும் அவர் கேட்டதும் தவறில்லை என்று பிறகு நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை சௌனா நீராவிக் குளியலுக்கு நம் வீட்டுக்கு வருவதை அதோடு நிறுத்திவிட்டார். அப்பா அவருக்கும் சேர்த்துத்தான் விறகு வைக்கிறார், வெளியே கார் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்கிறார், பிறகு நாங்கள் இருவரும் போய்க் குளித்துவிட்டு வருகிறோம்.

இந்த நிலையில்தான் அவர் உனக்குப் போன் செய்து ஸ்கோப்பைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வயதாகிவிட்டது, கண்ணுக்கு ஒத்துவரவில்லை என்று சொன்னாராம், அப்படித்தான் நீ எழுதியிருக்கிறாய். அவர் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அது தன் வீட்டில் இருக்கவேண்டாம் என்று நினைக்கிறார், அதே சமயம் அதை வீணாக்கவும் மனமில்லை. அப்பா என்னோடு ஒத்துப்போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "அருமையான கண்ணாடி. தப்பு கண்ணாடி மேல இல்ல, கை மேல. இறக்கி வெச்சுக்கிட்டா பிள்ளைக்குப் போதும்" என்கிறார். முழுக்க இறக்கினாலும் அது ஐந்தில்தான் நிற்கும், பின்யா. முப்பது மீட்டரில் ஒரு மூஸ் குறுக்கே நடந்தால் அதன் வழியாக உனக்குப் பழுப்பு நிறம் மட்டும்தான் தெரியும். நாற்பது வருடம் வேட்டையாடியவரே வளையத்தை மறந்திருக்கிறார் என்றால், முதல் நாள் வேட்டைக்கு வரும் பெண் மறக்கமாட்டாள் என்று நான் எதை வைத்து நம்புவது? இதில் மாமா மேல் கோபம் எதுவும் இல்லை. அது உனக்கு ஏற்ற கருவி இல்லை, அவ்வளவுதான்.

அவருக்குத் தெரியாமல் இதை எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நேற்று அவர் வீட்டுத் திருப்பத்தில் பஸ்ஸை நிறுத்தும் முறை. வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டிய நாள் என்பதால் வந்தார், தாமதமாகத் தருகிறவர் இல்லையே அவர். மேசைமேல் வைத்துவிட்டு ஹீட்டருக்குக் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். வேறு யாரும் பஸ்ஸில் இல்லை. நான், "பின்யாவுக்கு அந்த ஸ்கோப் வேண்டாம்னு எழுதப் போறேன் அண்ணா. ஏன்னும் எழுதப் போறேன்" என்றேன். அவர் ஹீட்டரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அப்புறம், "எழுது. நானே சொல்லியிருக்கணும். போன்ல அவ அவ்வளவு சந்தோஷமா இருந்தா, எனக்கு வாய் வரல" என்றார். "சின்னதா வாங்கச் சொல்லு. ஒண்ணரைல ஆரம்பிக்கிறது. நான் சொன்னேன்னே சொல்லு." எதுவும் எடுக்காமல் இறங்கப் போனவர் படியில் நின்று, "டிசம்பர்ல அவ எந்தப் பரண்ல உக்காரப் போறா?" என்று கேட்டார். ஹன்னுதான் முடிவு செய்யவேண்டும் என்றேன். "ஹன்னுகிட்ட நான் பேசுறேன். என் பரண்ல உக்காரட்டும். அங்கதான் நாலு பக்கமும் நல்லாத் தெரியும். நான் அவ அப்பாகூட நாயோட நடக்குறேன்" என்றார். அந்தப் பரணில் இதுவரை அவரைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

ஆகையால் ஸ்கோப்பை மறுத்துவிடு, பரணை மறுக்காதே. மாமாவுக்கு நீயே இரண்டு வரி எழுது. நடந்ததைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம், அங்கே உட்காரச் சம்மதம் என்று மட்டும் எழுதினால் போதும், மற்றதை அவர் புரிந்துகொள்வார்.

சுடும் தேர்வு அட்டையையும் சிவப்பு மேலங்கியையும் மறக்காமல் கொண்டுவா, ரயிலில் துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் கொண்டுவரவேண்டும். கம்பளிக் காலுறை இங்கே பின்னி வைத்திருக்கிறேன். உன் கைக்கும் கண்ணுக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும், நல்ல வேலையும் நல்ல தூக்கமும் உனக்கு அமையட்டும். அப்பா உன் தலையைத் தடவியதாக எழுதச் சொன்னார்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா மெர்வி