கால்மாட்டில் விட்ட சருகுகள்

என் செல்ல ரீத்தா,

இன்று கல்லறைத் திருநாள். உன்னிடம் வந்து திரும்பிய கையோடு எழுதுகிறேன். மழை இன்னும் வரவில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள். நீ போனபின் முதல்முறையாக இந்த வாரம் மீன்குழம்பில் மாங்காய் போட்டாள்.

காலையில் எல்லாரையும் போல அவளும் துடைப்பத்தோடு கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினாள். உன் மேல் பூவரசிலைகள் உதிர்ந்து மெத்தையாகக் கிடந்தன. உனக்கென்று மிச்சமிருக்கும் காட்டுத்தரை அது ஒன்றுதான் என்று தோன்றியது எனக்கு.

"பெருக்க வேண்டாம்மா. அவளுக்குச் சருகுன்னா உசுரு."

"ஏளா, ஊரு என்ன சொல்லும்? பிள்ளையக் குப்பைக்குள்ள போட்டு வெச்சிருக்காவம்பாவ."

அவள் போக்கில் விட்டுவிட்டேன். அவளுக்கும் நீ மகள்தானே?

புன்னைக்காயல் அலையாத்திக் காட்டில் நான் கொக்கைப் பார்த்தபோது, நீ மூச்சுவேர்களுக்கு நடுவே ஒற்றைக் கொடுக்கை ஆட்டிய நண்டைப் பார்த்தாய். வல்லநாட்டு முள்காட்டில் நான் மான் தேட, நீ கறையான் கட்டிய மண்குழாய் அருகே உட்கார்ந்துவிட்டாய். செம்மணல் தேரிக்காட்டில், முந்திரி காய்க்கும் கொல்லாமரத்துச் சருகைக் கிளறி மரவட்டையைக் கையில் ஏற்றிக்கொண்டாய். "மேல பாக்க எல்லாரும் இருக்காவ. கீழ பாக்க யாரு இருக்கா?" என்பாய்.

தலைமாட்டிலிருந்து பெருக்கிக்கொண்டே வந்த அம்மாவின் துடைப்பம், கால்மாட்டுக்கு வந்ததும் நின்றது. இலைகளுக்கிடையே காய்ந்த மணலில் சின்னச் சின்னப் புனல் மாதிரிக் குழிகள். அடியில் எறும்புக்குக் காத்திருக்கும் குழியானைப் பூச்சிகள்.

அம்மா குந்தி உட்கார்ந்தாள். "இதுக்கு ஒரு எறும்பப் பிடிச்சுப் போடாம என்னைக்காவது கோயிலுக்குள்ள நுழைஞ்சிருக்காளா அவ?" என்றாள். குரல் உடையவில்லை, ரீத்தா. சிரித்தாள். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

அடுத்த கல்லறையைக் கழுவிக்கொண்டிருந்த அத்தை விடவில்லை. "என்ன மைனி, பாதியில விட்டுட்டீய?"

"அந்தப் பாதிய அவ பாத்துக்கிடுவா."

சாயங்காலம் மெழுகுவர்த்திகளையெல்லாம் தலைமாட்டில்தான் ஏற்றினோம். சருகில் பொறி விழுந்துவிடக் கூடாதென்று அம்மா கடைசிவரை காவல் இருந்தாள்.

முதல் மழை பெய்ததும் தேரிக்குப் போவேன். செம்மண்ணில் சிவப்பு வெல்வெட் பூச்சிகள் வந்திருக்கும். அம்மாவும் வருகிறாளாம். இரண்டு பேரும் கீழேயே பார்த்து நடப்போம்.

உன் கூடப்பிறந்தவள்,
அக்கா