ஒனேசிமோ சொன்னால் சரி

சான் பெட்ரோ தெ மகோரிஸ்,
ஜனவரி 16, புதன்கிழமை

அன்புள்ள மச்சான் ரதமெஸுக்கு,

ஒனேசிமோ எழுதுவது. இங்கே உன் மனைவி யுதெல்காவும் என் ஞானமகளான உன் பெண் மிலெய்தியும் நலம். என் முழங்கால்கள் மட்டும் நலமில்லை. பதினெட்டு வருடம் பேஸ்பால் கேட்சராகக் குந்தி உட்கார்ந்ததற்கு அவை இப்போது வட்டியோடு வசூலிக்கின்றன. நீ நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. அதை உன் கடிதமே சொல்லிவிட்டது.

அந்தச் சிகிச்சை இல்லத்துச் சமையல்காரம்மாவைத் தாஜா பண்ணி, யார் கண்ணிலும் படாமல் அனுப்பினாயே, அந்தக் கடிதம் திங்கட்கிழமை கைக்கு வந்தது. மூன்று முறை படித்தேன். தொண்ணூறு நாள் சிகிச்சையில் நான்கு வாரம் முடிந்ததே போதுமாம், கை நடுக்கம் நின்றுவிட்டதாம். சனிக்கிழமை இறுதித் தொடர் ஆரம்பம், அதைப் பார்க்க மெக்சிகோ கிளப் ஆள் வருகிறான், முப்பத்துநான்கு வயதில் உனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அதனால் நான் மேலாளர் பெர்சியோவிடம் "ரதமெஸ் தயார்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நீ வெள்ளிக்கிழமை பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கிவிடுவாய். கடைசியில் ஒரு வரி வேறு: "உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா மச்சான்?" அதைப் படித்ததும் உன்னை ஓங்கி அறையவேண்டும் போல இருந்தது. அடுத்த நிமிடமே பஸ் நிலையத்துக்குப் போய் உனக்காகக் காத்திருக்கலாமா என்றும் இருந்தது. என் புத்தி அப்படித்தான், உனக்குத் தெரியாதா?

மிலெய்திக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்கிறாள். அப்பாவுக்குத் தோள்வலி, மலையில் ஓய்வெடுக்கிறார் என்றுதான் அவளும் நம்புகிறாள். யுதெல்கா இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. போன வாரம் அவள் வீட்டுக் குழாயைச் சரிசெய்யப் போனேன். குளியலறைக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள்.

பெர்சியோவின் பழக்கம் உனக்குத் தெரியும். பந்து வீசுகிறவனிடம் போய் எப்படி இருக்கிறாய் என்று அவர் கேட்டதே கிடையாது. எந்தப் பிட்சரும் உண்மை சொல்லமாட்டான் என்பார். நேராக என்னிடம் வருவார். என் மூஞ்சியைப் பார்ப்பார். நான் தலையசைத்தால், "ஒனேசிமோ சொன்னா சரி" என்று திரும்பிப் போய்விடுவார். பதினோரு பருவமாக அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

டிசம்பர் பதினான்காம் தேதி ஆட்டத்துக்கு முன்னால் நீ மூன்று முறை கழிவறைக்குப் போனாய். மூன்றாவது முறை வந்தபோது கண்மணி இரண்டும் விரிந்திருந்தன. தாடையை அரைத்துக்கொண்டே இருந்தாய். கடற்காற்று அடிக்கிறது, உனக்கோ சட்டை நனைந்து வியர்வை. மூக்கில் என்ன ஏற்றிக்கொண்டு வந்தாய் என்று எனக்குத் தெரியும். பதினேழு வயதில் கையெழுத்துப் போட்டு அமெரிக்கா போய், நாலு வருடம் சின்ன ஊர்களில் பஸ்ஸில் அல்லாடி, அஞ்சு வருடம் பெரிய லீகில் வீசினவன் நீ. தோளைக் கீறித் தைத்தபோது வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போதாமல் பவுடர் வந்தது. அங்கே துரத்திவிட்டதும் இங்கே வந்தாய். என் ஞானமகளின் அப்பன் பிழைக்கட்டும் என்று எல்லாவற்றையும் நான் மூடி மறைத்தேன். அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

அன்றைக்கும் பெர்சியோ வந்தார். "ஆளு எப்படி இருக்கான்?" என்றார். "பந்து பறக்குது பாஸ், இன்னைக்கு ஒருத்தனும் தொடமாட்டான்" என்றேன். அது பொய்யும் இல்லை. பந்து பறக்கத்தான் செய்தது.

ஆறாவது இன்னிங்ஸ். நான் இரண்டு விரல் காட்டினேன், வளைபந்து. நீ என் கையைப் பார்த்தாய், ஆனால் எதையும் பார்க்கவில்லை. வேகப்பந்தைப் போட்டாய். மட்டையோடு நின்ற எதிரணிப் பையன் யாதியலின் கன்ன எலும்பு உடைந்த சத்தம் உனக்குக் கேட்டிருக்காது. நான் அவன் பக்கத்தில் இருந்தேன், எனக்குக் கேட்டது. நீ பந்து வீசும் மேட்டில் சிரித்துக்கொண்டு நின்றாய். அது சிரிப்பில்லை, வாய் உன் வசத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் அம்மாவுக்குத் தெரியுமா?

மறுநாள் காலை நீ குளியலறையில் மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்தாய். யுதெல்கா போன் போட்டாள்; நானும் அவளும் உன்னை என் பிக்கப் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். அன்று சாயங்காலமே பெர்சியோவிடம் போய், "தோளு பிசகிடுச்சு பாஸ், மலைக்குப் போய் ஓய்வெடுக்கணும்" என்றேன். ஒனேசிமோ சொன்னால் சரிதானே!

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. போன வாரம் அசுவாவுக்குப் போய் யாதியலைப் பார்த்தேன். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். ஆட்டம் முடிந்துபோனது, இருபத்திரண்டு வயதில். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "பேஸ்பால்னா அடி படத்தான் செய்யும்ண்ணே, யார் மேல தப்பு?" என்றான். அதற்குப் பிறகு, "ரதமெஸ் அண்ணனுக்குத் தோளு தேவலையா?" என்று கேட்டான். அவன் அம்மா காபி கொடுத்தாள். அதை வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன், மச்சான். வாய் திறக்கவில்லை.

இதுவரை காலையில் எழுதியது. இப்போது மாலை ஆறு மணி. பயிற்சி முடிந்து வந்துவிட்டேன்.

மைதானத்தில் பெர்சியோவே என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "தோளு ஆறிடுச்சா அவனுக்கு? சனிக்கிழமை எறக்கலாமா? நீ சொன்னா சரி" என்றார். தலையை அசைத்துவிட்டு வந்திருக்கலாம். அசைக்கவும் நினைத்தேன். ஆனால் கழுத்து ஒத்துழைக்கவில்லை. தோளுக்கு ஒன்றும் வரவில்லை என்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மாத்திரையிலிருந்து குளியலறை வரைக்கும்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அந்தப் பையன் மேல பட்ட அன்னைக்கு, ஆட்டத்துக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "இத்தன வருஷமா உன் மூஞ்சியப் பாத்துத்தானடா முடிவெடுத்தேன்" என்றார். சனிக்கிழமை வேறொருவன் கேட்சராக இறங்குவான். அடுத்த பருவம் எனக்குத் தருவதாகச் சொன்ன பயிற்சியாளர் வேலையும் அதோடு போயிற்று. மெக்சிகோக்காரனிடம் அவரே பேசிவிடுவாராம். ஆகவே நீ வெள்ளிக்கிழமை இறங்கி வந்தாலும் உனக்கு இங்கே மேடு கிடையாது. அந்தக் கதவை அடைத்தது நான். வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் இந்த அவசரம்.

வருகிற வழியில் யுதெல்காவிடமும் சொன்னேன். அழவில்லை. "இத டிசம்பர்லயே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றாள். சனிக்கிழமை நான் மறுபடி அசுவா போகிறேன். அந்தத் தாயிடம் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டு, அவள் கொடுப்பது எதுவானாலும் வாங்கிக்கொண்டு வருவேன்.

இந்தக் கடிதம் நாளைக் காலை பஸ்ஸில் வருகிறது. இல்லத்துக்காரர்கள் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உனக்குத் தருவார்கள். படிக்கட்டும். அங்கே வாசலுக்குப் பூட்டுக் கிடையாது என்று எனக்குத் தெரியும். நீ கிளம்பினால் யாரும் மறிக்கமாட்டார்கள். நானும் ஓடிவந்து மறிக்க முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது, ரதமெஸ். மெக்சிகோ போனால் போகட்டும். நீ கிளம்பி வந்து, இன்னொரு காலையில் யுதெல்கா எனக்குப் போன் போட்டால், இந்த முறை உன்னைத் தூக்க எனக்குத் தெம்பு இல்லை.

திங்கட்கிழமை அல்தகிராசியா மாதா திருநாள். யுதெல்கா மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே வருகிறாள். அப்பாவுக்கு என்ன நோய் என்று மிலெய்திக்கு நீயே சொல். மாதா உன் நாவுக்குப் பலம் தரட்டும்.

என்னைத் துரோகி என்பாய். அதைவிட மோசமாகவும் சொல்வாய், உன் வாய் எனக்குத் தெரியாதா! எழுது. பக்கம் பக்கமாகத் திட்டி எழுது. ஆனால் அங்கே இருந்துகொண்டே எழுது, மச்சான்.

இப்படிக்கு,
உன் மகளின் ஞானத்தகப்பன்
ஒனேசிமோ