மணல் திருப்பித் தந்த கதவு

சியாரா கடற்கரை
அக்டோபர் 9

என் செல்ல ஜுரேமாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் குறையில்லாமல் இருக்கிறோம். சாவோ பாவ்லோவில் நீயும் பிள்ளைகளும் அப்படியே இருக்கப் புனித இராயப்பர் துணை நிற்கட்டும். இந்த வருஷம் முந்திரி நன்றாகப் பூத்திருக்கிறது. அப்பாவுக்கு முட்டி வலி, வாய்க்கு மட்டும் ஒரு வலியும் இல்லை. அது கிடக்கட்டும், சொல்ல வந்தது வேறு.

மணலில் புதைந்த நம் பழைய வீடு வெளியே வந்துவிட்டது. கிழக்குக் காற்று ஆகஸ்டிலிருந்து ஓயவில்லை, மணல்மேடும் தன்பாட்டுக்கு வருஷம் முப்பது நாற்பது அடி நகர்ந்து, இருபத்தெட்டு வருஷத்தில் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. கூரை உட்கார்ந்து உள்ளே மணல் நிறைந்திருக்கிறது, ஆனால் முன்சுவரும் கதவும் அப்படியே நிற்கின்றன. கதவு மூடியிருக்கிறது ஜுரேமா. மணலுக்கு விடுகிற வீட்டை நம் ஊரில் யார் மூடுவார்கள்? வழி விட்டால்தான் மணல் சுவரை இடிக்காது என்று நானே கதவைத் திறந்து கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கழுதை வண்டியில் ஏறினேன். அப்பா பலகை இடுக்கில் கத்தியை விட்டுப் பார்த்தார், உள்ளே குறுக்குக்கட்டை போட்டிருக்கிறது. காற்று அந்த இடுக்கில் புகும்போது என் தம்பி நிவால்டோ சீட்டியடிப்பது போலவே கேட்கிறது.

கிளம்புவதற்கு முந்தின நாள் உன் மாமா, "மணலுக்குப் பயந்து ஓடுற ஆளு நான் இல்லக்கா" என்று என்னோடு சண்டை போட்டான். காலையில் ஆளைக் காணோம். பெலெம் ஊருக்குப் போகிற படகில் ஏறியிருப்பான் என்றார் அப்பா, நானும் நம்பினேன். மறுநாளே மேடு சரிந்து வீட்டை மூடிவிட்டது. ஒரு கடிதம் போடாத பாவி என்று இத்தனை வருஷமும் அவனைத் திட்டித் தீர்த்தேனே.

உனக்கு அப்போது ஆறு வயது. வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்த நீ, "அம்மா, மாமா கதவ மூடுறாரு" என்றாய். பொய் சொல்கிறாயா என்று உன் வாயில் அறைந்தேன். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நீ எழுதும்வரை கதவில் கை வைக்கக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கிழக்கே அடுத்த மேடு கிளம்பி வந்துகொண்டிருக்கிறது, அதனால் தாமதிக்காதே. பிள்ளைகளுக்கு என் முத்தம், கடவுள் உங்களைக் காக்கட்டும், குளிரில் தலைக்குத் துணி கட்டிக்கொள். மறக்காமல் இதை மட்டும் எழுது: கதவை மூடும்போது அவன் என்னைக் கூப்பிட்டானா?

அன்று உன்னை அறைந்த
அம்மா சுல்மிரா