பூட்டிக்கொண்ட லேப்டாப்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். கால் வீக்கம் வற்றியதா? இங்கே மகன் வீட்டில் பெரிய பேரன் துரை இன்ஜினியராகிவிட்டான். பேத்தி வகுப்பில் முதல். சின்னவன் ஓட்டத்தில் கப் வாங்கினான்.

அந்த இன்ஜினியர் லட்சணத்தைக் கேளுங்கள். நன்றாக ஓடிய லேப்டாப்பில் புது சிஸ்டம் போட்டான். அது எழுந்திருக்கவே இல்லை.

"பூட்ல ஏதோ பிரச்சினை பாட்டி."

"பூட்டுன்னா சாவியத் தேடுடா."

வீடே சிரித்தது. ரிப்பேர் கடைக்காரரோ, "சாவி நம்பர் கேக்குது, எழுதி வச்சிருக்கீங்களா?" என்றார். துரை திருதிருவென விழித்தான். இனி திறக்காதாம், உள்ளே இருந்த போட்டோவெல்லாம் போனதுதானாம்.

"போட்டோதானே பாட்டி, போனா போகுது" என்கிறான். எல்லாரும் வேலைக்குப் போனபின் நான் பேசிக்கொண்டிருந்த உங்கள் முகம் அதற்குள்தான் மாட்டிக்கொண்டது. இவர்கள் மெஷினும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். சிரிக்க வேண்டாம், எப்போதும்போல் முறைத்துக்கொண்டே நில்லுங்கள்.